நாற்பதுக்கு நாற்பது

நெல்லிஓயா ரப்பர் தோட்டத்துக்கு அருமைநாயகம் கண்டக்டராக மாற்றலாகி வந்தது தொண்ணூற்றிரண்டில். தோட்டங்களைக் கம்பெனிகள் கையேற்று, ஆட்களை அங்குமிங்கும் தூக்கிப் போட்ட வருஷம் அது. தெரணியகலைக்கு அப்பால் மண் ரோட்டில் லொறி குலுங்கி ஏற, முன்னால் மனைவி பிலோமினம்மாவும் மகள் ரோஷானியும் உட்கார்ந்திருக்க, அவர் பின்னால் கட்டில் பலகைகளுக்கு நடுவே மாதா படத்தைப் பிடித்தபடி வந்து இறங்கினார்.

தோட்டத்தில் கண்டக்டர் என்றால் பஸ்ஸில் டிக்கட் கொடுப்பவர் அல்ல. கணக்கப்பிள்ளைகளுக்கு மேலே, சின்னத் துரைக்குக் கீழே, மலையில் பால் வெட்டுகிற சனத்தை மேற்பார்க்கிற உத்தியோகம். அருமைநாயகம் அந்த இடத்துக்கு இலேசில் வரவில்லை. தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் விடியுமுன்னே வெட்டுக்கத்தியும் வாளியுமாக மரத்துக்கு மரம் ஓடியவர்கள். கோயில் பாதர் ஒருவர் கைகொடுத்துப் படிக்க வைத்ததால் கணக்கப்பிள்ளையாகி, ஒவ்வொரு படியாக ஏறியவர். ஏறியதை அவர் மறக்கவுமில்லை, மற்றவர்கள் அறியவும் விடவில்லை. கஞ்சி போட்ட காக்கிக் காற்சட்டையும் முழங்கால் வரை இழுத்துவிட்ட வெள்ளைக் காலுறையும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. பேச்சிலும் அப்படித்தான். சொல்லைச் சலித்தெடுத்துப் பேசுவார்.

வந்த முதல் நாள் பெரிய கிளாக்கர் இராமச்சந்திரன் அவரைத் தோட்டம் சுற்றிக் காட்ட அழைத்துப் போனார். இராமச்சந்திரனின் தகப்பனும் கிளாக்கர், தகப்பனுக்குத் தகப்பனும் கிளாக்கர். பேச்சுவாக்கில் அவர், உங்க தகப்பனார் எந்தத் தோட்டத்தில் ஸ்டாஃபாக இருந்தார் என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மழையைப் பற்றிக் கேட்பதுபோலத்தான் கேட்டார். ஆனால் அருமைநாயகத்துக்குக் காது மடல் சுட்டது. அப்போது அவர்கள் தோட்ட மேலாளரான துரையின் பங்களாவுக்குக் கீழே ஒரு தட்டை நிலத்தின் ஓரமாய்ப் போய்க்கொண்டிருந்தார்கள். மானாப்புல் இடுப்பளவு வளர்ந்து கிடந்தது. நடுவில் எதிரெதிரே இரண்டு துருப்பிடித்த இரும்புத் தூண்கள்.

"டெனிஸ் கோர்ட்டை இப்பிடியா போட்டு வச்சிருக்காங்க?" என்றார் அருமைநாயகம். "பழைய தோட்டத்துல நானும் துரையும் பின்னேரத்துல விளையாடுவோம்."

இராமச்சந்திரன் நின்று அவரை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை ஏறியிருந்தது. தகப்பனைப் பற்றிய கேள்வி அத்தோடு காற்றில் போய்விட்டது.

உண்மை என்னவென்றால், பழைய தோட்டத்தில் ரோட்டால் போகும்போது செம்பருத்தி வேலிக்கு அப்பால் பந்து அடிபடும் சத்தத்தை அவர் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். மட்டையைக் கையால் தொட்டதுகூட இல்லை.

வாய் தவறி விழுந்த சொல்லை அன்றைக்கே புல்லோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிராது. ஆனால் இராமச்சந்திரன் அதை ஸ்டாஃப் கிளப்பில் சொன்னார். கிளப்பில் கேட்டவர்கள் மேலே கேட்டார்கள். கேட்கக் கேட்க அருமைநாயகம் சொன்னார். துரையின் அடி எவ்வளவு பலமாக வரும், தான் அதை எப்படித் திருப்பினார், ஒரு முறை துரை மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கைகொடுத்தது, இப்படி வருஷத்துக்கு ஒன்றாகக் கதைக்குக் கை கால் முளைத்தது. ரோஷானி அப்போது சின்னப் பிள்ளை. அப்பா டெனிஸ் ஆடிய கதையைப் பள்ளிக்கூடத்திலும் சொன்னாள். பிலோமினம்மா அவர் பிறந்த அதே லயத்தில், நான்கு காம்பரா அறைகள் தள்ளிப் பிறந்தவள். அவளுக்குத் தெரியாததா? ஒரு முறை மட்டும், தட்டைக் கழுவிக்கொண்டே, "அந்தக் கதைய இனி விட்டுருங்களேன்" என்றாள். அவர் விடவில்லை. அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை.

பிறகு தொண்ணூற்றேழில் அபேகோன் துரை வந்தார்.

இளவயது, சிரித்த முகம், வாயில் பாதிச் சிங்களமும் பாதி உடைந்த தமிழும். அவருடைய மனைவியான நோனா படிக்கிற காலத்தில் டெனிஸ் ஆடியவள். வந்த மாதமே ஆள் விட்டுப் புல்லை வெட்டி, சிவப்புக் கிரவல் கொட்டி, ரோலர் உருட்டி, சுண்ணாம்பால் கோடு போட்டு, வலையும் கட்டிவிட்டாள். தோட்டத்துப் பெண் பிள்ளைகளில் விருப்பமுள்ளவர்களை மாலையில் வரச் சொன்னாள். முதல் நாளே போய் நின்றவள் ரோஷானி. பதினைந்து வயது. நீண்ட கை, நீண்ட கால். ஒரு மாதத்துக்குள் அவளுடைய அடி வலையைத் தாண்டிப் போகிற சத்தம் ஸ்டாஃப் குவாட்டர்ஸ் வரைக்கும் கேட்டது.

துரை அருமைநாயகத்தையும் ஆட வரச் சொன்னார். அவர் முழங்காலைத் தடவிக் காட்டி, பழைய அடி, டாக்டர் ஓடக்கூடாது என்றிருக்கிறார் என்றார். அன்றிலிருந்து துரையின் கண்ணில் படும்போதெல்லாம் கொஞ்சம் நொண்டி நடக்க வேண்டியதாயிற்று. பொய் ஒரு காலிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இரவுச் சாப்பாட்டில் ரோஷானிக்கு வேறு பேச்சே கிடையாது. பந்தைப் போடுகிறவள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும், குறுக்காக எதிர்ப்பக்கத்துக் கட்டத்துக்குள் போட வேண்டும், முதல் பந்து தவறினால் இன்னொன்று போடலாம், அதுவும் தவறினால் பாயிண்ட் அடுத்தவளுக்கு. வலையில் உரசிக்கொண்டு கட்டத்துக்குள் விழுந்தால் கணக்கில்லை, திரும்பப் போட வேண்டும். பந்து கோட்டை ஓரமாய்த் தொட்டாலும் அது உள்ளேதான். ஒன்றும் எடுக்காவிட்டால் 'லவ்', ஒரு பாயிண்டுக்குப் பதினைந்து, அடுத்தது முப்பது, அதற்கடுத்தது நாற்பது, பிறகு கேம். ஆறு கேம் எடுத்தால் செட், ஆனால் மற்றவளைவிட இரண்டு கேமாவது கூட இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, சரிதானே அப்பா என்பதுபோலப் பார்ப்பாள். அவர் சோற்றைப் பிசைந்தபடி, "ம், அப்பிடித்தான்" என்பார். அவளிடமிருந்துதான் அவர் அந்த விளையாட்டைத் திருட்டுத்தனமாகக் கற்றுக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது.

ஒரு நாள் அவள் கேட்டாள்: "அப்பா, நாற்பதுக்கு நாற்பது வந்தா நீங்க எப்பிடி விளையாடுவீங்க? அதுலதான் ஆள் யாருன்னு தெரியும்னு நோனா சொல்றாங்க."

அந்தக் கேள்விக்கு 'ம்' போதாது. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் விறகு சரியாக எரிகிறதா பார்க்க வேண்டும் என்று சொல்லி அவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். வாசலைத் தாண்டும்போது பிலோமினம்மா அவரைப் பார்த்த பார்வையை முதுகில் உணர்ந்தார். திரும்பி வந்தபோது மகள் தூங்கியிருந்தாள். அந்தப் பாடம் மட்டும் அவருக்குக் கிடைக்காமலே போயிற்று.

அடுத்த ஏப்ரலில் புதுவருஷ விளையாட்டு விழா வந்தது. பானை உடைப்பும் வழுக்கு மரமும் வழக்கம்போல் இருக்க, அந்த முறை துரை ஒன்று கூட்டினார். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளோடு பெண்களுக்கான டெனிஸ் போட்டி, ஒரே ஒரு செட். இங்கிருந்து ரோஷானி. அங்கிருந்து ஹபீஸா. அவள் அந்தத் தோட்டத்து மருந்துச்சாலையில் மருந்து கொடுக்கும் அப்துல் ரஸாக்கின் மகள். ரோஷானியை விட ஒரு வயது இளையவள். வெள்ளை நீளக் காற்சட்டையும் தலைமுக்காடுமாக வந்திருந்தாள். ரஸாக்கைச் சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அதிர்ந்து பேசாத மனிதர்.

நடுவருக்கு என்று பள்ளிக்கூட மேசை ஒன்றைப் போட்டு அதன் மேல் நாற்காலி வைத்திருந்தார்கள். துரையே ஏறி உட்கார்ந்தார். அருமைநாயகம் விருந்தாட்களைக் கவனிக்கிற சாக்கில் பந்தலுக்கும் மைதானத்துக்குமாக நடந்தபடியே இருந்தார். கூட்டம் கைதட்டும்போது அவரும் தட்டினார். ஆட்டம் சரிக்குச் சரியாகப் போய், ஆளுக்கு நான்கு கேம் என்று நின்றது. அப்போது புகைக்கூடத்துப் பக்கமிருந்து ஒருவன் ஓடி வந்து, உள்ளே ரப்பர் ஷீட்டில் நெருப்புப் பிடித்துவிட்டது என்றான். துரை மேசையிலிருந்து குதித்தார். யாராவது ஏறி உட்காருங்கள், ஆட்டத்தை நிறுத்த வேண்டாம், மழை வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

முறைப்படி நோனாதான் ஏறியிருக்க வேண்டும். அவளும் எழுந்தாள். ஆனால் அதற்குள் ரோஷானி முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எங்க அப்பா செய்வாங்க நோனா. அவங்களுக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டாள். தகப்பன் மகளுக்கு நடுவராகலாமா என்று யாரோ இழுத்தார்கள். ரஸாக் கையசைத்து, "கண்டக்டர் ஐயான்னா எங்களுக்கு மெத்தச் சந்தோசம்" என்றார். இராமச்சந்திரன் அருமைநாயகத்தின் முதுகைத் தட்டி முன்னே தள்ளினார்.

முழங்கால் சாக்கு மேசை ஏறுவதற்குச் செல்லாது. அந்த நேரத்தில் வேறு சாக்கும் அகப்படவில்லை. ஏறினார்.

முதல் கேம் தப்பியது. ஹபீஸா பந்து போட்டாள், ரோஷானி மளமளவென்று எடுத்து முடித்தாள். பதினைந்து, முப்பது, நாற்பது என்று அவர் குரலெடுத்துச் சொன்னபோது அவருக்கே அது பிடித்திருந்தது. கூட்டம் முழுக்கத் தலைநிமிர்ந்து தன்னைப் பார்க்கிறது. இவ்வளவுதானா இது என்றுகூட ஒரு கணம் நினைத்தார். இனி ரோஷானி பந்து போட வேண்டும். இந்தக் கேமையும் எடுத்தால் செட் அவளுக்கு.

அந்தக் கேமில் ஹபீஸா விட்டுக்கொடுக்கவில்லை. முப்பதுக்கு நாற்பது என்று பின்தங்கி நின்ற ரோஷானி ஓங்கி ஒன்று அடித்து நாற்பதுக்கு நாற்பது ஆக்கினாள். அருமைநாயகமும் அப்படியே, "நாற்பது, நாற்பது" என்று கூவினார். அடுத்த பந்து நீளமாகப் போய்த் திரும்பி, மறுபடி போய், கடைசியில் ஹபீஸாவின் மட்டை விளிம்பில் பட்டு வெளியே பறந்தது.

"கேம். செட். ரோஷானி" என்றார் அருமைநாயகம்.

லயத்துச் சனம் கைதட்டியது. தட்டியது அரைவாசிப் பேர்தான். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நாற்பதுக்கு நாற்பது வந்தால் அதற்கு டியூஸ் என்று பெயர். அதற்குப் பிறகு தொடர்ந்து இரண்டு பாயிண்ட் எடுத்தால்தான் கேம். முதலாவதை எடுத்தவளுக்கு அட்வான்டேஜ், ஒரு கை மேலே, அவ்வளவுதான். அடுத்ததை விட்டால் மறுபடி டியூஸ். இது அங்கே பந்து பழகிய பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். மேசை மேல் இருந்தவருக்குத் தெரியாது.

ரோஷானி வலைக்கு வராமல் கோட்டிலேயே நின்றாள். "அப்பா, இன்னும் முடியலியே. இது அட்வான்டேஜ்தானே" என்றாள். குரலில் சிரிப்புத்தான் இருந்தது. அப்பா ஏதோ நினைவில் தவறிவிட்டார் என்று நினைத்திருப்பாள்.

அந்த இடத்தில், 'ஓ, மறந்துட்டேன்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். யாரும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் எதை மறந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. அட்வான்டேஜ் என்றால் என்ன, அடுத்து என்ன சொல்ல வேண்டும், இன்னும் எத்தனை பந்து, ஒன்றும் தெரியவில்லை. அடுத்த பந்துக்கு எண் சொல்ல வாயெடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.  அப்போது கீழே நின்ற யாரோ சொன்னது அவர் காதில் தெளிவாக விழுந்தது: "கண்டக்டருக்கா ரூல் தெரியாது? துரையோட ஆடினவரு. தெரிஞ்சுதான் செய்யிறாரு."

அவருக்கு முன்னால் இரண்டு வழி கிடந்தது. ஒன்றில் அவர் விளையாட்டே அறியாத லயத்து மனிதன். மற்றதில் கள்ளன். யோசிக்க நேரமில்லை என்று பிற்காலத்தில் தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். நேரம் இருந்தது. யோசித்தார். யோசித்துத்தான் சொன்னார்.

"அதுக்கு முந்தி ஹபீஸா பாயிண்ட் எடுத்த ஒரு பந்து, அது வெளிய விழுந்தது. நான் பார்த்தேன். அப்ப சொல்லாம விட்டுட்டேன். அதனால கணக்கு சரி."

அந்தப் பந்து வெளியே விழவில்லை. சுண்ணாம்புக் கோட்டின் நடுவில் விழுந்து, வெள்ளைத் தூள் எழும்பியதை அவரைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். கோடு அழிந்த இடத்தில் பந்தின் அச்சு இன்னும் கிடந்தது.  ஹபீஸா தகப்பனைப் பார்த்தாள்.  ரஸாக் எழுந்து, "ஐயா சொன்னா சரிதான். போய்க் கைகொடு மகள்" என்றார்.

அவர் அப்படிச் சொல்லாமல் சண்டைக்கு வந்திருந்தால் அருமைநாயகம் ஓரளவு தாங்கியிருப்பார்.

ரோஷானி கைகொடுக்கப் போகவில்லை. தகப்பனை அவள் பார்த்தது ஒரு கணந்தான். அதன் பிறகு அன்று முழுக்க அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். ஹபீஸாவைப் பார்த்து, "எடத்துக்குப் போ. இன்னும் முடியல" என்றாள். பந்தைத் தூக்கிப் போட்டு அடித்தாள். வலையில் போய் விழுந்தது. இரண்டாவதையும் அடித்தாள். அதுவும் வலையில். தவறி விழவில்லை. வலையைப் பார்த்தே அடித்தாள்.

மேசையிலிருந்து சத்தம் வரவில்லை. கீழே நாற்காலியில் இருந்த நோனா மெதுவாக, "டியூஸ்" என்றாள்.

மறுபடி இரண்டு பந்து. இரண்டும் வலையில். "அட்வான்டேஜ் ஹபீஸா" என்றாள் நோனா. மறுபடி இரண்டு பந்து. "கேம் ஹபீஸா. ஐந்துக்கு ஐந்து."

அவ்வளவு நேரமும் அருமைநாயகம் மேலே உட்கார்ந்திருந்தார். இறங்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. மகள் ஒவ்வொரு பந்தாக எடுத்து வலையில் போடுவதையும், தனக்குக் கீழே இருந்து ஒரு பெண் எண்ணிச் சொல்வதையும் கேட்டுக்கொண்டு, காலுறை தெரியக் கால்களைத் தொங்கப் போட்டபடி இருந்தார். கடன் தீர்ந்ததுபோல் அதற்குப் பிறகு ரோஷானி ஒழுங்காகத்தான் ஆடினாள். ஆனால் கை கேட்கவில்லை. ஹபீஸா ஏழுக்கு ஐந்தில் வென்றாள். மழை இறங்கியது. எல்லோரும் பந்தலுக்கு ஓடிய பிறகுதான் அவர் மேசையிலிருந்து இறங்கினார்.

புகைக்கூடத்து நெருப்பு அன்றே அணைந்தது. இந்த நெருப்பு அணையவில்லை. மகளுக்காகக் கள்ளத் தீர்ப்புச் சொன்னவர் என்ற பேச்சு இரண்டு தோட்டத்திலும் பரவியது. மலையில் அவர் போகும்போது பால் வெட்டுகிற பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கிளப்பில் சீட்டுப் பிரித்துப் போடும் வேலையை அவர் கையில் கொடுக்காமல் இராமச்சந்திரன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அருமைநாயகமும் சிரித்தார். வெளியே வந்து புளித்த ரப்பர் பால் வாடை வீசும் வடிகானுக்குப் பக்கத்தில் நின்று வாந்தி எடுத்தார்.

ஆனால் அவரைத் தின்றது அந்தப் பேச்சல்ல. அந்தப் பேச்சுக்குள் அவருக்கு ஒரு நிம்மதி ஒளிந்திருந்தது. அதுதான் தின்றது. கள்ளன் என்கிறார்களே தவிர, ஆடத் தெரியாதவன் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. அந்தக் கதை இன்னும் பிழைத்துக் கிடந்தது. அதைக் காப்பாற்றத்தான் மகளின் பேரைக் கொடுத்தோம் என்பதைப் படுக்கையில் புரளும்போதெல்லாம் நினைத்துக்கொள்வார். நினைக்கும்போது இருட்டிலும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

ரோஷானி கோர்ட்டுக்குப் போவதை விட்டுவிட்டாள். நோனா இரண்டு முறை ஆள் அனுப்பியும் போகவில்லை. அப்பாவோடு தேவைக்கு மட்டும் பேசினாள். தாயிடம் ஒரு நாள் அழுதாளாம். நான் கேட்டேனா, எனக்காகக் கள்ளம் செய்யச் சொல்லி நான் கேட்டேனா, இனி நான் எங்கே போய் ஜெயித்தாலும் அப்பன் வாங்கிக் கொடுத்தது என்றுதானே சொல்வார்கள் என்று. பிலோமினம்மா அதை அவரிடம் சொல்லிவிட்டு அடுப்படியில் நின்றாள்.

"அவ நெனைக்கிறது நடந்தத விட மோசமா இருக்கு. நீங்க சொல்றீங்களா, இல்ல நான் சொல்லவா?"

"நானே சொல்றேன்" என்றார் அவர். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனார்கள், வந்தார்கள். சொல்லவில்லை.

மே மாதத்தில், பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில், அவர் குடையை எடுத்துக்கொண்டு குறுக்குப் பாதையால் பக்கத்துத் தோட்டத்துக்கு நடந்தார். மகளிடம் சொல்ல முடியாததை அந்நியனிடம் சொல்ல முடியுமா என்று பார்க்கத்தான் போனார் போலிருக்கிறது. மருந்துச்சாலைக்குப் பின்னால் ரஸாக்கின் வீடு. ரஸாக் அவரைக் கண்டதும் காய்ச்சலோ என்று கேட்டுக் கையைப் பிடித்துப் பார்த்தார். முன்னறையில் உட்காரவைத்து, பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார். விழாவில் நடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. அருமைநாயகம் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"எனக்கு அந்த விளையாட்டுத் தெரியாதுங்க" என்றார் கடைசியில்.

ரஸாக்குக்கு விளங்கவில்லை.

"டெனிஸ். நான் ஒரு நாளும் ஆடினது இல்ல. துரையோட ஆடினேன்னு சொன்னது எல்லாம் பொய். நாற்பதுக்கு நாற்பது வந்தா என்னா செய்யணும்னு தெரியாமத்தான் அப்பிடிச் சொன்னேன். அதுக்குப் பொறகு, தெரியாதுன்னு காட்டிக்கக் கூடாதுன்னு, ஒங்க மகளோட பந்து வெளியன்னு சொன்னேன். அது உள்ளதான் விழுந்துச்சு."

 ரஸாக், ஒரு மனிதன் இப்படியும் செய்வானா என்று யோசிப்பவர் மாதிரி இருந்தார். பிறகு, "தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்கள்ல யாராவது சொல்லித் தந்திருப்போமே ஐயா" என்றார். அதில் குத்தல் இல்லை. உள்ளபடி வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அருமைநாயகத்துக்குத் தரையில் போட்டிருந்த பாயின் கோடுகளைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

கதவுச் சீலைக்குப் பின்னால் ஹபீஸா நின்றிருந்தாள். அவளிடமும் மன்னிப்புக் கேட்டார். அவள், "ரோஷானி அக்காவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றார். "அப்ப நீங்க மொதல்ல அங்கதானே சொல்லியிருக்கணும்" என்றாள் அந்தப் பிள்ளை.

வரும்போது முழு மழை. குடை இருந்தும் நனைந்துதான் வீடு வந்து சேர்ந்தார். ரோஷானி பள்ளிக்கூட வெள்ளை உடுப்புக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தாள். ஈரத்தோடு நிலைப்படியில் நின்றபடியே சொன்னார். தன் அப்பன் எந்தத் தோட்டத்தில் ஸ்டாஃபாக இருந்தான் என்று இராமச்சந்திரன் கேட்டதிலிருந்து தொடங்கி, ரஸாக் வீட்டில் சொன்னது வரைக்கும் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். முடிந்ததும் மகள் ஓடி வந்து கட்டிப்பிடிப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவள் கட்டிப்பிடிக்கவுமில்லை.

"அப்ப துரை கைகொடுத்தது?" என்றாள்.

"பொய்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நீங்க எனக்காகக் கள்ளம் செஞ்சீங்கன்னு நெனச்சு நான் ஒரு மாசமா ஒங்க மொகத்தப் பார்க்கல்ல. எனக்காக இல்லங்கிறது நல்லதுதான்." பெட்டியை எடுத்து மறுபடி உடுப்பில் வைத்தாள். "ஆனா எனக்காக இல்லங்கிறது கஷ்டமாவும் இருக்குப்பா."

 அவர் உள்ளே போய்ச் சட்டையை மாற்றினார். பிலோமினம்மா தலை துவட்டத் துவாயை நீட்டினாள்.

அந்த வாரமே கிளப்பில் இராமச்சந்திரனுக்கும் மற்றவர்களுக்கும் முன்னால் சொன்னார். மூன்றாம் முறை சொல்வது இலேசாக இருக்கும் என்று நினைத்திருந்தார், இருக்கவில்லை. சிரித்தார்கள். சிரிக்காமல் எப்படி? 'டியூஸ் ஐயா' என்று ஒரு பெயரும் விழுந்தது. மலையில் பொடியன்கள் ரப்பர் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று அந்தப் பெயரைக் கூவுவார்கள். திரும்பிப் பார்த்தால் மரங்கள்தான் நிற்கும். இராமச்சந்திரன் மட்டும் கிளப் கலைந்த பிறகு கூடவே நடந்து வந்து, தன் கேள்விதான் ஆரம்பமா என்று கேட்டார். இல்லை என்றார் அருமைநாயகம். அது உண்மைதான். கேட்டவர் மேல் பழி போட அவருக்கு ஆசை இருந்தது, போட முடியவில்லை.

ரோஷானி திரும்ப ஆடப் போனது ஹபீஸாவால்தான். ஹபீஸா ஒரு சனிக்கிழமை தகப்பனோடு வந்து வாசலில் நின்று, அன்றைய செட்டை ஒழுங்காக ஆடி முடிக்க வேண்டும் என்று கூப்பிட்டாள். இருவரும் ஆடினார்கள். அதிலும் ஹபீஸாதான் வென்றாள். பின்னால் இருவரும் ஒரே பக்கம் நின்று இரட்டையராட்டம் ஆடினார்கள், எஹலியகொடவிலும் இரத்தினபுரியிலும் போட்டிகளுக்குப் போனார்கள். வென்றதும் உண்டு, தோற்றதும் உண்டு. ரோஷானி விளையாட்டு ஆசிரியையாகப் பயிற்சி முடித்து எம்பிலிப்பிட்டியப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கேயே கல்யாணம். அப்பாவோடு பேச்சு பழையபடி வந்தது என்று சொல்வதற்கில்லை. வந்தது, வேறு மாதிரி வந்தது. அவர் எதையாவது நிச்சயமாய்ச் சொன்னால், நிஜந்தானா என்று ஒரு கணம் அவள் கண் கேட்கும். அந்தக் கணத்தை அவர் கடைசிவரை பார்த்தார். அது தனக்கு வேண்டியதுதான் என்று எடுத்துக்கொண்டார்.

அபேகோன் துரை மாற்றலாகிப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு மாலை அருமைநாயகம் கோர்ட்டுக்குப் பக்கத்து வாங்குப் பலகையில் வந்து உட்கார்ந்தார். நோனா சின்னப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டுப் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து போய், நொண்டாமல் நடந்து போய், ஒரு சந்தேகம் கேட்கலாமா என்றார். பதினைந்து, முப்பது என்று பதினைந்து பதினைந்தாக ஏறுகிறதே, அப்படியானால் அடுத்தது நாற்பத்தைந்து அல்லவா, ஏன் நாற்பது என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

நோனா பந்தைக் கூடையில் போட்டுவிட்டுச் சிரித்தாள். "மம தன்னே நே, கண்டக்டர் மாத்தயா" என்றாள். எனக்குத் தெரியாது என்று அர்த்தம். ஆளுக்கு ஆள் ஒவ்வொரு காரணம் சொல்வார்கள், எது சரி என்று தனக்குத் தெரியாது, நானும் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த பந்தை எடுக்கக் குனிந்தாள்.

அவர் அங்கேயே நின்றார். அந்தச் சொல் அவளுக்கு எவ்வளவு இலேசாக வந்தது. மூச்சு விடுவதுபோல. அதைச் சொல்லிவிட்டு அவள் அதே நோனாவாகத்தான் நின்றாள், ஒரு முழமும் குறையவில்லை. இந்தச் சொல்லைச் சொல்லாமல் இருக்கத்தானா இத்தனையும் என்று அவருக்குத் தோன்றியது. மனம் இலேசாகவில்லை. வெட்கம் முன்னைவிடக் கூடியது.

இரண்டாயிரத்து ஐந்தில் அவர் பென்ஷன் வாங்கிக்கொண்டு தெரணியகலை டவுனுக்குப் பக்கத்தில் சிறிய வீடொன்றில் குடியேறினார். அக்கம்பக்கத்தார் ஆரம்பத்தில் ஊர் பேர் விசாரித்தார்கள். லயத்தில் பிறந்தவன், அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினவர்கள் என்று சொன்னார். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் காது மடல் சுடும். சுட்டாலும் சொன்னார்.